தொட்டிக்கரியும் சாயத் தண்ணீரும்

(வேதியியல் துறை அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வேளாண் கழிவிலிருந்து கிளர்வூட்டிய கரி தயாரிப்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். வேதியியல் படித்த தமிழர்களுக்கு இது பழகிய தலைப்பு. புளியங்கொட்டை, பனங்கொட்டை, நிலக்கடலைத் தோல், வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை, மக்காச்சோளக் கட்டை, தென்னை நார்க்கழிவு என்று நம் கல்லூரி ஆய்வகங்களில் கரியாக்கிப் பார்க்காத தாவரப் பகுதி இனி ஏதும் மிச்சமில்லை என்றே தோன்றுகிறது. எம்.எஸ்சி. திட்டக் கட்டுரையில் தொடங்கி முனைவர் பட்டம் வரை இதிலேயே பயணம் செய்தவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். ஆனால் கல்லூரி வாசலைத் தாண்டி நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போய்ப் பாருங்கள். கொங்கு மண்டலத்தில் இயங்கும் கிளர்வூட்டிய கரி ஆலைகள் கிட்டத்தட்ட எல்லாமே தேங்காய்த் தொட்டி ஒன்றையே நம்பி ஓடுகின்றன. ஆய்வேடுகளில் நூறு மூலப்பொருள், ஆலையில் ஒன்றே ஒன்று. இந்த இடைவெளி எதனால் வந்தது என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

தெற்கே சிரட்டை என்றும் வடக்கே கொட்டாங்குச்சி என்றும் சொல்வதை நாம் இங்கே தொட்டி என்கிறோம். காங்கேயம் பகுதியில் கொப்பரைக் களம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் தொட்டி மலைபோல் குவிகிறது. அதைக் குழியில் கொட்டித் தீ மூட்டுகிறார்கள். தீ பிடித்ததும் மேலே மேலே தொட்டியைப் போட்டு, குழி நிறைந்தவுடன் காற்றுப் புகாமல் மூடிவிடுகிறார்கள். வெப்பம் ஏறுகையில் முதலில் நீர் போகிறது. 220 டிகிரி செல்சியஸ் தாண்டியதும் ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது. 315 முதல் 400 டிகிரிக்குள் செல்லுலோஸ் சிதைகிறது. லிக்னின் மட்டும் அவசரப்படுவதில்லை, 900 டிகிரி வரைகூட மெல்ல மெல்லச் சிதைந்துகொண்டே இருக்கும். தொட்டியில் லிக்னின் மிகுதி, சாம்பலோ 1 விழுக்காட்டை ஒட்டித்தான். இந்த இரண்டும் சேர்ந்துதான் தொட்டிக்கரிக்கு அந்தக் கெட்டித்தன்மையைக் கொடுக்கின்றன. ஒன்றோடொன்று தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும் கரியைத்தான் வியாபாரிகள் நல்ல கரி என்று எடுப்பார்கள்.

மூன்றரை டன் தொட்டிக்கு ஏறத்தாழ ஒரு டன் கரி கிடைக்கும். ஒரு தொட்டி 100 முதல் 150 கிராம் இருக்கும் என்று வைத்தால், ஒரு டன் கரிக்கு இருபத்து மூன்றாயிரம் முதல் முப்பத்தைந்தாயிரம் தேங்காய் வரை வேண்டியிருக்கும். ஆனால் இந்தக் கரி இன்னும் சாதாரணக் கரிதான். இதன் துளைகள் பெரும்பாலும் தாரால் அடைபட்டுக் கிடக்கும். அடுத்த கட்டம் சுழலும் உலையில் நடக்கிறது. 900 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நீராவியைச் செலுத்துகிறார்கள். கார்பன் அணு ஒன்றும் நீர் மூலக்கூறு ஒன்றும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறுகின்றன. இது வெப்பம் கொள்ளும் வினை, மோலுக்கு 131 கிலோஜூல். கரியைத் தின்று தின்றுதான் துளை உண்டாகிறது. பாதிக்கு மேல் எரிந்துபோன பிறகு மிஞ்சுவதுதான் விற்பனைக்கு வருகிறது. அப்படி மிஞ்சும் ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இருபத்தைந்து சென்ட் நிலம்.

இந்த உட்பரப்பில் வாயுவும் சாயமும் ஒட்டிக்கொள்ளும் என்பது 18-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. கரி வாயுக்களைப் பிடித்து வைப்பதை 1773-இல் ஷீலே கண்டார். நிறம் கலங்கிய டார்டாரிக் அமிலக் கரைசலைக் கரி தெளியவைப்பதை 1785-இல் லோவிட்ஸ் கண்டார். அதன் பிறகு ஐரோப்பியச் சர்க்கரை ஆலைகள் எலும்புக்கரியைப் பிடித்துக்கொண்டன. நீராவியாலும் துத்தநாகக் குளோரைடாலும் கரியைக் கிளர்வூட்டும் முறைகளுக்கு 1900-ஐ ஒட்டி ஆஸ்ட்ரெய்கோ காப்புரிமை பெற்றார். அறிவியல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது போர் அதை விரட்டியது. 1915 ஏப்ரலில் ஈப்ரா களத்தில் ஜெர்மானியர் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு ரஷ்யாவில் ஸெலின்ஸ்கி கரி நிரப்பிய முகமூடியை உருவாக்கினார். 1918-இல் அமெரிக்காவில் பீச் பழக்கொட்டைகளையும் வாதுமை ஓடுகளையும் எறியாமல் சேர்த்துக் கொடுங்கள் என்று பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார்கள். வேளாண் கழிவிலிருந்து பரப்புக் கவரும் பொருள் என்ற கருத்து நம் கல்லூரிகளில் பிறந்ததல்ல. அதற்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அன்றே தேங்காய்த் தொட்டி மற்ற எல்லாவற்றையும் முந்திவிட்டது.

அதற்குக் காரணம் உண்டு. தங்கச் சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாதுவைச் சயனைடில் கரைத்துக் குழம்பாக்கி, அதிலேயே கரியைப் போட்டுக் கலக்குகிறார்கள். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் 1973-இல் பெரிய அளவில் தொடங்கிய முறை இது. தங்கம் கரியில் ஏறிக்கொள்கிறது. அந்தக் கலக்கலில் கரி உதிர்ந்து தூளானால் தூளோடு தங்கமும் போய்விடும். ஆகவே அங்கே உட்பரப்பைவிட உறுதிதான் முக்கியம். தொட்டிக்கரிக்குப் போட்டியாக வேறொன்று நிற்க முடியவில்லை. குடிநீர் வடிப்பான்களிலும் இதே கதைதான். நெல் உமியில் 15 முதல் 20 விழுக்காடு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதைக் காரத்தில் கொதிக்கவைத்து நீக்கினால்தான் நல்ல கரி கிடைக்கும். அதற்குள் செலவு ஏறிவிடுகிறது. கடலைத் தோல் கரி இலேசானது, கையில் தேய்த்தாலே பொடிந்துவிடும். நார்க்கழிவுக் கரியும் அப்படியே.

இன்னொரு காரணத்தை ஆய்வேடுகள் பேசுவதே இல்லை. ‘விலையில்லாமல் கிடைக்கும் கழிவு’ என்று முன்னுரையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறோம். எங்கே கிடைக்கிறது? உமி அரிசி ஆலையின் கொதிகலனுக்குப் போகிறது. கரும்புச் சக்கை ஆலையிலேயே எரிகிறது, மீதி காகிதமாகிறது. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள அரசுக் காகித ஆலையே அதை நம்பித் தொடங்கப்பட்டதுதான். கடலைத் தோலை அழுத்திக் கட்டியாக்கி எரிபொருளாக விற்கிறார்கள். சோளத்தட்டை மாட்டுக்கு. கிராமத்தில் யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் பொருள் மிகக் குறைவு. அப்படிக் கிடப்பதும் நூறு வயல்களில் கைப்பிடி கைப்பிடியாகச் சிதறிக் கிடக்கும். அதைக் கூட்டி, ஏற்றி, காயவைத்து, ஆலைக்குக் கொண்டு சேர்க்கும் கூலிதான் அதன் விலை. தொட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. கொப்பரைக் களம் என்ற ஒரே இடத்தில் வந்து குவிந்துவிடுகிறது.

அப்படியானால் ஆய்வுகள் வீணா என்று கேட்கலாம். இல்லை. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சி. நமசிவாயம் அவர்களும் அவருடைய மாணவர்களும் தென்னை நார்க்கழிவைக் கொண்டு சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆய்வை 1990-களின் தொடக்கத்திலேயே வெளியிட்டார்கள். நார்க்கழிவு கயிற்று ஆலைகளின் வாசலில் மேடுபோல் கிடந்த காலம் அது. உள்ளூர்க் குப்பையையும் உள்ளூர் நோயையும் ஒரே ஆய்வில் சேர்த்துப் பார்த்தார்கள். உலகம் முழுக்க அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டுகிறார்கள். மரவள்ளித் தோலிலிருந்து கரி செய்து சாயத்தையும் உலோக அயனிகளையும் நீக்கும் ஆய்வும் இந்த வட்டாரத்திலிருந்துதான் 2001-இல் வெளிவந்தது. சேலம், நாமக்கல் சவ்வரிசி ஆலைகளை அறிந்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும்.

குறை அவர்களுக்குப் பின் வந்த நகல்களில் இருக்கிறது. மூலப்பொருளை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டோம். ஒரு கிலோ சருகுக்கு ஒரு கிலோ அடர் கந்தக அமிலம். பிறகு அமிலம் போகும்வரை கழுவ வாளி வாளியாகத் தண்ணீர், மிச்ச அமிலத்தைப் போக்கச் சோடியம் பைகார்பனேட். கழுவிய நீர் எங்கே போகிறது என்று எந்தக் கட்டுரையிலும் ஒரு வரி இல்லை. துத்தநாகக் குளோரைடில் ஊறவைத்தால் துளை அழகாக வரும், உண்மைதான். கழுவும் நீரில் துத்தநாகமும் அழகாக வரும். இதற்காகவே ஆலைகள் பெரும்பாலும் அந்த முறையைக் கைவிட்டு, மீட்டெடுக்கத்தக்க பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறின. நாம் இன்னும் மாறவில்லை.

அடுத்தது மெத்திலீன் நீலம். காய்ச்சி வடித்த நீரில் மெத்திலீன் நீலத்தைக் கரைத்து, அதில் கரியைப் போட்டுக் குலுக்கி, 98 விழுக்காடு நீக்கியது என்று எழுதுகிறோம். லாங்மியர் சமன்பாட்டில் நேர்கோடு வருகிறது, ஆர் வர்க்கம் 0.99. எனக்கு இதில் பெரிய மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். மெத்திலீன் நீலம் நேர்மின் சுமை கொண்ட சிறிய மூலக்கூறு, எடை 320. எதிர்மின் பரப்பு கொண்ட எந்தக் கரியும் அதைப் பிடித்துக்கொள்ளும். கரியாக்காத மரத்தூள்கூடப் பிடிக்கும். திருப்பூரில் பருத்திப் பின்னலாடைக்குப் போடுவது ரியாக்டிவ் சாயம். உதாரணமாக ரியாக்டிவ் பிளாக் 5-இன் மூலக்கூறு எடை 991. அதில் சல்போனிக் தொகுதிகள் உண்டு, சுமை எதிர்மின். சாயத் தொட்டியிலிருந்து வெளிவரும்போது அது நீராற்பகுப்பு அடைந்த வடிவில் இருக்கும். கூடவே உப்பு, சோடா, சோப்பு, மென்மையூட்டி எல்லாம் இருக்கும். மெத்திலீன் நீலத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய கரி இந்தத் தண்ணீரில் தோற்றுப்போக எல்லா வாய்ப்பும் உண்டு.

தொட்டிக்கரியே இங்கே தடுமாறும். அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டருக்கும் குறைவானவை. வாயுக்களுக்கும் குளோரினுக்கும் சிறிய கரிமச் சேர்மங்களுக்கும் அது போதும். ரியாக்டிவ் சாயம் போன்ற பெரிய மூலக்கூறுக்கு 2 முதல் 50 நானோமீட்டர் வரையுள்ள இடைத்துளைகள் வேண்டும். மரத்தையும் மரம்போன்ற தட்டைகளையும் பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 400 முதல் 600 டிகிரியில் கரியாக்கினால் அப்படிப்பட்ட துளைகள் உருவாகும். பருத்திமாறு இருக்கிறது, மரவள்ளிக் குச்சி இருக்கிறது. தொட்டியோடு போட்டி போடாமல் தொட்டியால் முடியாத வேலைக்கு இவற்றை எடுத்திருந்தால், நம் நூறு மூலப்பொருள்களில் ஒன்றிரண்டாவது ஆலை வாசலைத் தொட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. எந்தக் கரியும் உப்பை நீக்காது. ஆழ்ந்த நிறம் ஏற்றும்போது சாயத் தொட்டியில் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல்கூட உப்புப் போடுகிறார்கள். அது துணியில் ஏறுவதில்லை, முழுதும் தண்ணீரிலேயே திரும்பி வருகிறது. நொய்யல் ஆற்றைக் கெடுத்ததிலும் ஒரத்துப்பாளையம் அணை நீரைப் பாசனத்துக்கு ஆகாமல் செய்ததிலும் நிறத்தைவிடப் பெரிய பங்கு இந்த உப்புக்குத்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட ஆணையிட்டபோது, கேட்கப்பட்டது நிறமற்ற நீர் அல்ல, ஒரு சொட்டும் வெளியே விடாத நிலை. இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வூடு வடிப்பும் ஆவியாக்கும் கலன்களும் ஓடுவது அதனால்தான். அந்தத் தொடரில் கரிக்கு உரிய இடம் சவ்வுக்கு முன்னால்: மிச்சமுள்ள நிறத்தையும் கரிமப் பொருளையும் பிடித்துச் சவ்வைக் காப்பது. சிறிய வேடம், ஆனால் தேவையான வேடம். ‘சாயக் கழிவுநீருக்குத் தீர்வு’ என்று ஆய்வேட்டின் தலைப்பில் போடுவது அதற்குப் பொருந்தாது.

குரோமியத்திலும் இதுபோன்ற ஒரு கண்கட்டு நடக்கிறது. ஆறு இணைதிற குரோமியத்தை 99 விழுக்காடு நீக்கினோம் என்று எழுதும் கட்டுரைகளில் பி.எச். மதிப்பைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் 2 என்று இருக்கும். அந்த அமிலத்தன்மையில் கரி குரோமியத்தைப் பிடிப்பதோடு, மூன்று இணைதிறமாக ஒடுக்கவும் செய்கிறது. வேதியியலாக அது அருமையான வினை. ஆனால் இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் பி.எச். 2 அல்ல. கிணறு முழுக்க அமிலம் ஊற்றிச் சுத்தம் செய்து, பிறகு காரம் ஊற்றிச் சமன் செய்யவா போகிறோம்?

சரி, கரி குரோமியத்தைப் பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு அந்தக் கரியை என்ன செய்வது? ஆலைகளில் பயன்படுத்தும் குறுணைக் கரியை மீண்டும் 800, 900 டிகிரி சூடாக்கிப் புதுப்பிக்கலாம். ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 விழுக்காடு இழப்பு. அதைத் தாங்க உறுதியான கரி வேண்டும். நம் ஆய்வகத் தூள்கரி அதற்கு ஆகாது. குரோமியம் ஏறிய கரி சட்டப்படி ஆபத்தான கழிவு. அது போக வேண்டிய இடம் கும்மிடிப்பூண்டி போன்ற பாதுகாப்பான புதைகுழி. தண்ணீரில் இருந்ததைக் கரிக்கு மாற்றினோமே தவிர, ஒழிக்கவில்லை. இந்தக் கேள்விக்கு விடை இல்லாத ஆய்வேட்டை ஏற்கக் கூடாது என்று தேர்வாளர்கள் ஒருமுறை முடிவு செய்தால் போதும், பாதி ஆய்வேடுகள் நின்றுவிடும். நின்றால் நட்டமில்லை.

கரியைப் பற்றிய நம்பிக்கை எவ்வளவு எளிதாகச் சோதனையை மிஞ்சிவிடும் என்பதற்கு மருத்துவத்திலிருந்து ஒரு செய்தி. இலங்கையின் கிராமப்புறங்களில் மஞ்சள் அரளி விதையைத் தின்று உயிரை மாய்த்துக்கொள்வது பெரும் துயரம். கிளர்வூட்டிய கரியைப் பலமுறை கொடுத்தால் இறப்பு 8 விழுக்காட்டிலிருந்து 2.5 விழுக்காடாகக் குறைகிறது என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. சுமார் 400 நோயாளிகள். எல்லோரும் நம்பினார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. பூச்சிக்கொல்லி குடித்தவர்களையும் சேர்த்து 4,600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மூன்று மருத்துவமனைகளில் இன்னொரு சோதனையும் நடந்தது. 2008-இல் வந்த முடிவு: கரி கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் இறப்பில் வேறுபாடு இல்லை. எந்த நோயாளிக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் கரி கொடுப்பது என்பதை மருத்துவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதில் நான் தலையிடவில்லை. நான் சொல்ல வந்தது, ஒரு நல்ல முடிவோடு நின்றுவிடாமல் பத்து மடங்கு பெரிய சோதனையையும் நடத்திப் பார்த்த துணிச்சலை. நாம் 50 மில்லிலிட்டர் கூம்புக் குடுவையோடு நிற்கிறோம்.

இவ்வளவு நேரம் கரி எதைச் சுத்தம் செய்யும் என்று பேசினேன். கரி எதை அழுக்காக்குகிறது என்பதையும் பேச வேண்டும், ஏனெனில் இந்த மண்டலத்துக்கு அதுதான் நெருக்கமானது. மூன்றரை டன் தொட்டியில் ஒரு டன் கரி போக மீதி இரண்டரை டன் எங்கே? புகையாகப் போகிறது. அதில் நீராவியோடு கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், அசிட்டிக் அமிலம், மெத்தனால், பீனால்கள், தார் எல்லாம் உண்டு. குழி எரியும் ஊர்களில் துணி காயப்போட முடியவில்லை, மூச்சு முட்டுகிறது என்பார்கள். சூட்டைத் தணிக்கக் கரியின்மேல் தண்ணீர் ஊற்றுகிற இடங்களில் தாரும் பீனாலும் மண்ணில் இறங்கி, அக்கம்பக்கத்துக் கிணற்றில் தலைகாட்டுகின்றன. காங்கேயம், பல்லடம், உடுமலை வட்டாரங்களில் விவசாயிகள் நிறம் மாறிய கிணற்றுநீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய் மனுக் கொடுத்த செய்திகளை நீங்கள் நாளிதழில் படித்திருப்பீர்கள். ஐரோப்பாவின் குடிநீரைத் தெளிவாக்கும் பொருளைத் தயாரிக்க நம் கிணறு கெடுகிறது என்றால், அந்தக் கணக்கில் எங்கோ தவறு இருக்கிறது.

இது தீராத சிக்கல் அல்ல. மூடிய உலையில் சுட்டு, புகையைத் தனி அறையில் எரித்தால், தாரும் பீனாலும் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறும். கிடைக்கும் வெப்பத்தில் கொதிகலன் ஓட்டலாம். கிளர்வூட்டும் உலைக்கு வேண்டிய நீராவியும் அதிலிருந்தே கிடைக்கும். இலங்கையில் படல்கம என்ற ஊரில் தொட்டிப் புகையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை இயங்குகிறது. இங்கே தடையாக நிற்பது முதலீடு. குழி தோண்ட ஆகும் செலவும் உலை கட்ட ஆகும் செலவும் ஒப்பிடத் தக்கவை அல்ல, குழிக்காரர்கள் பெரும்பாலும் சிறு வியாபாரிகள். அவர்களை விரட்டினால் குழி பக்கத்து வட்டத்துக்குப் போகும், அவ்வளவுதான். பல குழிக்காரர்கள் சேர்ந்து ஒரு பொது உலை அமைக்கக் கடன் கிடைத்தால் வழி பிறக்கும். சாயத் தொழிலில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டத் தெரிந்த மண்டலம் இது. கரித் தொழிலிலும் அதைச் செய்ய முடியும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த திட்டக் கட்டுரைக்குப் புதிதாக ஒரு தோலையோ கொட்டையையோ தேடாதீர்கள். இந்தக் கல்லூரியிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில் கரிக்குழிகள் இருக்கின்றன, அவற்றைச் சுற்றிக் கிணறுகள் இருக்கின்றன. குடிநீரில் பீனால் சேர்மங்களின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம் என்கிறது இந்தியத் தரநிர்ணயம். மாதிரியைக் காய்ச்சி வடித்து, நான்கு-அமினோஆன்டிபைரின் சேர்த்துக் குளோரோஃபார்மில் பிரித்தெடுத்தால், உங்கள் ஆய்வகத்தில் இருக்கும் நிறமாலைமானியே அந்த அளவை நெருங்கிக் காட்டும். குழியிலிருந்து எவ்வளவு தூரம்வரை கிணறு கெட்டிருக்கிறது, மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று ஓராண்டு அளந்து, அந்த அட்டவணையை மாவட்ட ஆட்சியருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கரி வியாபாரிகள் சங்கத்துக்கும் கொடுங்கள். கிணற்றுக்காரருக்கும் ஒரு படி தமிழில் கொடுங்கள்.